உப்பு போட்டுத் திங்கிறவங்க

கொஞ்சம் நகந்துக்க தங்கச்சி, நான் இந்தத் தூணோரமா உக்காந்துக்குறேன். நீ எந்திரிக்க வேணாம், உக்காரு. எனக்கு அந்தக் கதவு தெரியணும். ஆனா அந்தக் கதவைத் தொறந்துட்டு வர்றவங்களுக்கு நான் தெரியக் கூடாது. சிரிக்கிறியா? சிரி. இந்த வயசுல ஒளிஞ்சு வெளையாட வந்திருக்கியே பாக்கியம்னு காலையிலேருந்து நானே என்னைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

உள்ள டாக்டருகிட்ட இருக்கறது என் தம்பி இளங்கோ. கூட அவன் பொண்டாட்டி இருக்கா, சுகந்தின்னு பேரு. நான் வந்திருக்கறது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா அவனைப் பின்வாசல் வழியா ஆட்டோவுல ஏத்திக் கூட்டிட்டுப் போயிருவா. போன தடவை அதான் செஞ்சா. நான் மருந்துச் சீட்டு குடுக்குற எடத்துல நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன், ஆட்டோ கெளம்பிருச்சு. இன்னைக்கு அவனுக்கு ரத்தம் எடுத்துப் பாக்குற நாளு. அது எனக்குத் தெரியும். அதான் முத பஸ்ஸைப் பிடிச்சு வந்து உக்காந்திருக்கேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்பாங்கல்ல.

எனக்கு அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தங்கச்சி. ஒரே ஒரு வார்த்தை. அதுக்கு அவன் வாயால "ஆமாக்கா"ன்னு சொல்லிட்டான்னு வையி, நான் பாட்டுக்குப் போயிருவேன். அதைக் கேக்காம எனக்கு எதுவும் ஓட மாட்டேங்குது. உக்காந்தா எந்திரிக்கணும்ங்குது, எந்திரிச்சா உக்காரணும்ங்குது. இரு, கதவு தொறக்குது. ம்ஹூம். அவன் இல்ல.

நீ யாருக்கு வந்திருக்க? மகளுக்கா? காலேஜு படிக்கிற புள்ளையா? அழாத தங்கச்சி, கண்ணைத் தொடை. நல்லாயிரும். என்னா சொன்னாரு டாக்டரு? கொஞ்ச நாளு ஏத்தம், கொஞ்ச நாளு எறக்கம்னாரா? அதேதான்! இவனுக்கும் அதேதான். இருதுருவக் கோளாறுன்னு பேரு சொல்லியிருப்பாரே? எனக்கும் சொன்னாரு. துருவம்னா என்னாங்க ஐயான்னு கேட்டேன். பூமிக்கு வடக்க ஒரு கோடி, தெக்க ஒரு கோடி இருக்குல்லம்மா, அந்த மாதிரி இவரு மனசு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் போயிட்டு வருதுன்னாரு. வடக்குன்னு காதுல விழுந்ததுமே எனக்கு வெளங்கிப் போச்சு. ஏன்னா அவன் வீட்டுல கட்டிலு வடக்க தலைமாடு வச்சுல்ல கெடந்துச்சு! அவரு அதுக்கப்புறம் என்னென்னமோ சொன்னாரு, மருந்து, சாப்பாடு, தண்ணின்னு சொல்லிக்கிட்டே போனாரு. எனக்குக் கட்டிலு நெனப்பாவே இருந்துச்சு. வீட்டுக்குப் போன கையோட அதைத் திருப்பிப் போட்டுட்டுத்தான் காபித் தண்ணியே குடிச்சேன். சுகந்தி வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. வடக்க தலைவச்சுப் படுக்காதேன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

உன் மகளுக்கு எப்படி ஆரம்பிச்சுது? தூங்காம இருந்தாளா? அதான், அதான். இவனும் அப்படித்தான். போன ஐப்பசி கார்த்திகையில இவன் இருந்த இருப்பை நீ பாத்திருக்கணும். வெல்டிங் பட்டறை வச்சிருக்கான் தங்கச்சி. கேட்டு, கிரில்லு, சன்னல் கம்பின்னு லால்குடி பக்கம் எங்க பாத்தாலும் அவன் கைவேலைதான். சாதுவான ஆளு. நாலு கேள்வி கேட்டா ஒரு பதிலு வரும், அதுவும் ம்னு வரும். அப்படிப்பட்டவன் பேச ஆரம்பிச்சான் பாரு! என்னா பேச்சு! ஒண்ணைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அடுத்ததுக்குப் போயிருவான். விடிய விடிய முழிச்சிருப்பான், காலையில மொகத்துல அசதியே இருக்காது, அப்பத்தான் குளிச்ச மாதிரி பளபளன்னு இருப்பான். எங்கம்மா சாகறப்ப அவனுக்கு விவரம் தெரியாது. நான்தான் தூக்கி வளத்தேன். எனக்குன்னு ஒரு புள்ள இல்ல, வீட்டுக்காரரும் போயிட்டாரு. அவன்தான் எனக்குப் புள்ள. பெரியவனானப்புறம் எங்கிட்டயே மூஞ்சி குடுத்துப் பேச மாட்டான். அந்த ரெண்டு மாசம் தெனம் வருவான். மடியில தலைவச்சுப் படுத்துக்கிட்டு, அம்மா எப்படிக்கா இருப்பாங்க, அம்மா குரலு எப்படிக்கா இருக்கும்னு கேப்பான். அதைப் போயி நோவுங்கறாங்க. இருந்துட்டுப் போகட்டுமே. அந்த மாதிரி நோவு எத்தனை வீட்டுக்கு வருது?

சரி, அந்த வாசக் கேட்டு விசயம் நடந்தது. இல்லேங்கல. அதையும் சொல்லிடுறேன், இல்லாட்டி ஒரு பக்கமாப் பேசுறான்னு நெனப்ப.

ஒரு நாளு வந்து, "அக்கா, நம்ம தெருவுல ஒரு வீட்டுக் கேட்டு மாதிரி இன்னொரு வீட்டுக் கேட்டு இல்ல. பாத்தா கண்ணு கூசுது. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி மயிலு வச்ச கேட்டு போடப் போறேன், எல்லாம் என் செலவு"ன்னான். கேக்கறதுக்கு நல்லாத்தானே இருக்கு? தெருவுல எல்லாரும் தலையை ஆட்டுனாங்க. ஓசின்னா ஆட்ட மாட்டாங்களா? மறுநாளு ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து அத்தனை வீட்டுக் கேட்டையும் கழட்டி வண்டியில ஏத்திட்டான். சாயங்காலம் தெருவைப் பாத்தா பொக்கை வாயாட்டம் இருக்கு. ஆடு மாடெல்லாம் அதது இஷ்டத்துக்கு வீட்டுக்குள்ள போகுது வருது. வாத்தியார் வீட்டுக் கனகாம்பரம் மொத்தமும் காலி. புதுக் கேட்டு வருதா? வரல. இவனுக்கு அதுக்குள்ள வேற யோசனை வந்துருச்சு. ஆத்துப் பாலத்துக்கே மயில் கேட்டு போடணும்னு மனு எழுதுறான்.

ஒரே ஒரு கேட்டுதான் செஞ்சு மாட்டுனான். என் வீட்டுக்கு. ரெண்டாளு ஒசரம். ரெண்டு மயிலும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்கும். என் வீட்டுக்குக் காம்பவுண்டு கெடையாது, அது வேற விசயம். ரெண்டு தூணை நட்டு நடுவுல கேட்டை மாட்டுனான், சுத்திவர வெட்டவெளி. தெருவுல போறவன்லாம் சிரிக்கிறான். சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான். நான் தெனம் அந்தக் கேட்டைத் தொறந்துதான் வெளிய வர்றேன், பூட்டிட்டுத்தான் போறேன். இன்னைக்கும் பூட்டிட்டுத்தான் வந்தேன்.

வாத்தியாரு வந்து, "தம்பி, புதுசு வேணாம், என் பழைய கேட்டையாவது குடுத்துருப்பா"ன்னு கேட்டாரு. இவன் அவரு சட்டையைக் கொத்தாப் பிடிச்சுட்டான். கண்ணெல்லாம் செவந்து போச்சு. அவரு வயசென்ன, இவன் வயசென்ன! அதுவரைக்கும் ஒருத்தரை நீ வா போன்னு சொன்னதில்ல. அன்னைக்குத்தான் சுகந்தி அழுதுக்கிட்டே நாலு பேரைக் கூப்பிட்டு அவனை இங்க கொண்டாந்தா. ஊசியைப் போட்டுப் படுக்க வச்சுட்டாங்க. நான் வேணாம், கொஞ்சம் பொறு, தானா அடங்கும்னேன். அடங்கிருக்குமா? எனக்கென்ன தெரியும். அடங்கிருக்கும்னுதான் நெனச்சேன்.

தையில அப்படியே கவுந்துட்டான். போர்வையை மொகத்துக்கு மேல இழுத்துவிட்டா ராத்திரியா பகலான்னு தெரியாது. குளிக்க மாட்டான். பல்லு வெளக்க மாட்டான். நாலு வாயி சோத்தை ஊட்டி விடணும். கழட்டுன கேட்டெல்லாம் பட்டறையில துருப்பிடிச்சுக் கெடக்கு, அதை நெனச்சு நெனச்சு மருகுவான். "எல்லாரும் சிரிக்கிறாங்கக்கா. நான் இருந்து என்னாக்கா ஆகப் போகுது"ன்னான் ஒரு நாளு. அப்பவே பட்டறைச் சாவியை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டேன். நானும் சுகந்தியும் மாத்தி மாத்திப் பக்கத்துலயே இருந்தோம். அந்தப் படுக்கையிலேருந்து அவனை எழுப்பிவிட்டது இந்த டாக்டருதான். அதை நான் மறைக்க மாட்டேன். உப்பிட்டவரை உள்ளளவும் நெனைக்கணும்ல.

உப்புன்னதும் ஞாபகம் வருது. அந்த மருந்தே ஒரு உப்புதானாம்! லித்தியம்னு பேரு. "அது ஒரு வகை உப்பும்மா, பயப்படாதீங்க. ஆனா அளவு கூடிறக் கூடாது, கொறஞ்சிறவும் கூடாது, அதான் ரத்தத்துல பாத்துக்கிட்டே இருக்கோம்"னாரு. உப்புக்கா இத்தனை பவுசுன்னு நெனச்சேன். ஆனா வேலை செஞ்சுது. மாசி பொறக்கறப்ப எந்திரிச்சு நடமாடிட்டான். பட்டறையைத் தொறந்தான். ஒவ்வொரு வீட்டுக் கேட்டையும் துரு சொரண்டி, பெயிண்டு அடிச்சு, அவனே கொண்டு போயி மாட்டுனான். வாத்தியாரு வீட்டுல கால்ல விழுந்தானாம். எங்கிட்ட அவன் சொல்லல, தெருவுல சொன்னாங்க.

எல்லாம் சரிதான். ஆனா தங்கச்சி, சிரிப்பு இல்ல. பழையபடி ம்னு ஒரு வார்த்தை. மடியில வந்து படுக்க மாட்டான், அம்மாவைப் பத்திக் கேக்க மாட்டான். கை லேசா நடுங்கும். எப்பப் பாத்தாலும் தாகம்பான், செம்பு செம்பாத் தண்ணி குடிப்பான், எந்திரிச்சு எந்திரிச்சு மூத்திரம் போவான். எதிர்ல உக்காந்திருப்பான், ஆனா எம்புள்ள எங்கயோ போயிட்ட மாதிரி இருக்கும். சுகந்தி என்னான்னா, "இதுதான் அண்ணி அவரு. இப்பத்தான் அவரு அவரா இருக்காரு"ங்கறா. அப்ப ஐப்பசியில எங்கிட்ட வந்து பேசுனது யாரு? எவனோ வழிப்போக்கனா?

அந்த நேரம் பாத்து சுகந்தியோட அப்பா கீழ விழுந்து இடுப்பெலும்பை ஒடிச்சுக்கிட்டாரு. அவ அரியலூருக்குப் போகணும். வேற வழியில்லாம அவனை எங்கிட்ட விட்டுட்டுப் போனா. எனக்குப் பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி இருந்துச்சு. மாசிக் கடைசி ஞாயித்துக்கெழமை வருது பாரு! சமயபுரத்து ஆத்தாளே ஊருக்காகப் பச்சைப் பட்டினி கெடக்குற காலம். உனக்குத் தெரியாதா, எந்த ஊரு நீ? நைவேத்தியமெல்லாம் கெடையாது ஆத்தாளுக்கு, துள்ளு மாவு, பானகம், இளநீரு, அவ்ளோதான். நாங்களும் கூடவே இருப்போம். உப்பு கூடாது, அடுப்புல வெந்தது கூடாது, பழமும் பானகமும்தான். பங்குனி கடைசி வரைக்கும் அவன் பச்சைப் பட்டினி இருந்துட்டான்னா ஆத்தா அவன் சிரிப்பைத் திருப்பிக் குடுத்துருவான்னு நேந்துக்கிட்டேன். மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வச்சேன்.

மாத்திரையை நிறுத்துனேன்னு நெனைக்காத. ஒரு வேளை தப்புனது கெடையாது. நானே எடுத்துக் கையில குடுத்து, முழுங்குறானான்னு பாத்துட்டுத்தான் நகருவேன். அவன் ஒரு நாளு, "அக்கா, உப்பைக் கொறைக்கக் கூடாதுன்னாங்களே"ன்னான். "மாத்திரையே உப்புதானடா, அதுலயே விரதம் பாதி கெட்டுப் போவுது. சோத்து உப்பையாவது நிறுத்துனாத்தானே ஆத்தாளுக்கு ஒரு கணக்கு நேராவும்"னேன். நியாயம்தானே? அவன் எதுத்துப் பேச மாட்டான். ம்ன்னான். தண்ணியும் அப்படித்தான். விரதக்காரன் கொடம் கொடமாக் குடிச்சா அதுக்குப் பேரு விரதமா? செம்பை எடுத்து உள்ள வச்சுட்டேன். பானகம் குடுத்தேன், எளநி குடுத்தேன். பட்டினி போட்டுட்டேன்னு ஒரு பய சொல்லக் கூடாது.

அப்ப ஒரு நாளு சுகந்தி போன் பண்ணுனா. அங்கதான் தங்கச்சி வெனையே. எடுத்த எடுப்புல என்னா கேட்டா தெரியுமா? "அண்ணி, நீங்க உப்பு போட்டுத்தானே சோறு திங்கிறீங்க?"ன்னு கேட்டா.

கேக்கலாமா? நீயே சொல்லு. நாத்தனாக்காரியைப் பாத்து உப்பு போட்டுத்தானே சோறு திங்கிறன்னு ஒருத்தி கேட்டா அதுக்கு என்னா அர்த்தம்? உனக்குச் சூடு சொரணை இருக்கா, மானம் ரோசம் இருக்கான்னுதானே அர்த்தம்? நான் தூக்கி வளத்த புள்ளையை எங்கிட்ட நாலு நாளு விட்டதுக்கா இந்தக் கேள்வி? எனக்கு உச்சி மண்டை வரைக்கும் ஏறிருச்சு. "ஆமாடி, நாங்க உப்பு போட்டுத்தான் திங்கிறோம். நல்லாவே போட்டுத் திங்கிறோம். உங்கூட்டு ஆளுங்களைப் போயிக் கேளு"ன்னேன். அவ, "அப்பாடா, அது போதும் அண்ணி"ன்னாளே பாரு! கொழுப்பைப் பாத்தியா? போனை வச்சுட்டேன். அதுக்கப்புறம் அவ கூப்பிட்டா எடுக்கறதில்ல. தெரு பூராச் சொன்னேன், கேட்டவங்கல்லாம் மூக்கு மேல வெரலை வச்சாங்க.

இப்ப என்னடான்னா அவ, "நான் அவரு சாப்பாட்டுல உப்பு இருக்கான்னுதான் கேட்டேன். நீங்கதானே போடுறோம்னு சொன்னீங்க"ங்கறா. போடுறோம்னா? அது ரோசத்துக்குச் சொன்ன பேச்சு. பேச்சுக்குச் சொன்னதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குனா நான் என்னா பண்றது? கேக்குறவ, அவருக்குச் சோத்துல உப்பு போடுறீங்களான்னு நேரா கேக்க வேண்டியதுதானே?

இரு. கதவு. இல்ல, நர்ஸு. அந்தப் பச்சைச் சேலைதான் உன் மகளைக் கூட்டிட்டுப் போனதா? சரி, வருவா.

எங்க விட்டேன்? பங்குனி. வெயிலு மண்டையைப் பொளக்குது. அவனுக்கு வயித்தால போக ஆரம்பிச்சுது. சூடுன்னு நெனச்சேன். நடை தள்ளாடுது. கை நடுக்கம் முன்ன லேசா இருந்தது, இப்ப டம்ளரைப் பிடிக்க முடியல. பேச்சு கொழகொழன்னு வருது. நாக்கு தடிச்சுப் போன மாதிரி. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம். ஆனா இன்னொரு பக்கம், ஆத்தா நெருங்கி வர்றாளோன்னு ஒரு இது. விரதத்துல கெடக்குற ஒடம்புலதானே அவ எறங்குவா?

எங்க தெரு மாரியம்மன் கோயில்ல அன்னைக்குப் பால்கொடம். கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போனேன். பம்பை உடுக்கை சத்தம் கெளம்புச்சு பாரு, இவன் ஒடம்பு தூக்கிப் போடுது! கையி, காலு, தாடை, எல்லாம் தன்னால ஆடுது. கண்ணு மேல சொருகுது. பொம்பளைங்கல்லாம் கொலவை போடுறாங்க. "இளங்கோ மேல ஆத்தா வந்துட்டா! இளங்கோ மேல ஆத்தா வந்துட்டா!" எந்தத் தெரு இவனைப் பாத்துச் சிரிச்சுச்சோ, அந்தத் தெரு கன்னத்துல போட்டுக்குது. வாத்தியாரு சம்சாரம் இவன் கால்ல விழுது. எனக்கு எப்படி இருந்துருக்கும்? கண்ணுலேருந்து தண்ணி கொட்டுது தங்கச்சி. நான் ஈன்ன புள்ளையா இருந்தாக் கூட அவ்ளோ பூரிச்சிருக்க மாட்டேன்.

பூசாரி துன்னூறை அள்ளி நெத்தியில அடிச்சு, "வந்திருக்கறது யாரு? என்னா வேணும் தாயி? வாயைத் தொறந்து வாக்குச் சொல்லு"ன்னு கேட்டாரு. இவன் ஒதடு ஆடுது. நாக்கு பொரளல. "தண்... தண்..."ங்கறான். எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறோம். "தண்ணி"ன்னான். பூசாரி சொன்னாரு, "பட்டினி கெடந்த ஆத்தாளுக்குச் சூடு தாங்கல, குளுரணும்ங்கறா, ஊத்துங்கம்மா"ன்னு. நாந்தான் மொத கொடம் ஊத்துனேன். மஞ்சத்தண்ணி, வேப்பெலை போட்டது. அப்புறம் ஆளாளுக்கு ஊத்துறாங்க. தலையில விழுந்து மொகத்துல வழியுது. அவன் நாக்கை நீட்டுறான். நாக்கை நீட்டி நீட்டி வழியிற தண்ணியை நக்குறான். கோயில் சொவத்துல எழுதியிருக்குமே ஆத்தா நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு, அதே மாதிரி. "பாத்தீங்களா, ஆத்தாளேதான்!"னு நான்தான் கத்துனேன்.

என்னா தங்கச்சி, அப்படிப் பாக்குற?

அப்பத்தான் சுகந்தி வந்தா. நான் போனை எடுக்காததால அவன் நம்பருக்கே அடிச்சிருக்கா, அவன் பேசுனது அவளுக்கு வெளங்கல. ஒடனே பஸ்ஸு ஏறிட்டா. கூட்டத்தைக் கிழிச்சுக்கிட்டு வந்து, கையில வச்சிருந்த பையைக் கீழ போட்டுட்டு, ஆத்தா ஏறி நிக்கிற ஒடம்பைக் கட்டிப் பிடிச்சுட்டா. தீட்டு, தொடாதேன்னாங்க. அவ கேக்கல. அவ பிடிச்சதும் அவன் சாஞ்சுட்டான். வெட்டி வெட்டி இழுத்துச்சு. ஆட்டோவுல அவ மடியில அவன் தலை. என் மடியில அவன் காலு. அந்தக் காலு சில்லுன்னு இருந்துச்சு.

அந்த உப்பு ரத்தத்துல ஏறிப் போச்சாம். சோத்து உப்பு உள்ள போகலைன்னா ஒடம்பு அந்த மருந்து உப்பை வெளிய விடாமப் பிடிச்சு வச்சுக்குமாம். வயித்தால வேற போயி ஒடம்பு வத்திப் போனதுல அது வெஷமாயிருச்சாம். ரத்தத்தை எடுத்துக் கழுவித் திருப்பி விடுற மிசினுல போட்டாங்க. டாக்டரு வெளிய வந்து, "உப்பை நிறுத்துனது யாரு?"ன்னாரு. சத்தமாக் கூட கேக்கல. நான் விரதத்தைச் சொன்னேன். அவரு கண்ணை மூடித் தொறந்தாரு, "இன்னும் ஒரு நாளு போயிருந்தா, அம்மா..."ன்னு சொல்லி நிறுத்திக்கிட்டாரு. சுகந்தி திரும்பி என்னைப் பாத்து ஒண்ணு சொன்னா பாரு. "இனிமே உங்க கையால அவருக்குப் பச்சைத் தண்ணி கூட வேணாம்." சொல்லிட்டா. சொன்னபடியே நடந்துக்கிட்டும் இருக்கா. வீட்டுக்குப் போனா கதவைத் தொறக்கறதில்ல.

டாக்டருக்கு ஆத்தாளைப் பத்தி என்னா தெரியும்? அவரு படிச்சது வேற. ரத்தத்துல உப்பு ஏறுனது உம்மையாவே இருக்கட்டும், அன்னைக்கு ஆத்தா வந்ததும் உம்மையா இருக்கலாம்ல? ரெண்டும் ஒரே நேரத்துல இருக்கக் கூடாதா? அவ வந்ததுனாலதான் புள்ள பொழச்சான்னு நான் சொல்றேன். அதைத்தான் அவன்கிட்ட கேக்கணும். "தம்பி, அன்னைக்கு உம்மேல வந்தது ஆத்தாதானே?" அவன் ஆமான்னுட்டான்னா முடிஞ்சு போச்சு. சுகந்தி வாயை அடைச்சுரலாம். நானும் படுத்தாத் தூங்கலாம். கண்ணை மூடுனாப் போதும் தங்கச்சி, அந்த நாக்கு வந்து நிக்கிது.

நீ ஒண்ணு செய்யி. உன் மகளுக்கு இந்த மருந்துதான் குடுக்கறாங்கன்னா உப்பைக் கொறைச்சுராத. வழக்கமாப் போடுறதைப் போடு. பட்டினி, விரதம் எதுவும் அவளுக்கு வேணாம், நேந்துக்கிட்டீன்னா நீயே இரு. தாகம்னா குடுத்துரு. வாந்தி, வயித்தால போவுது, கை ரொம்ப நடுங்குதுன்னா யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காம இங்க தூக்கிட்டு வந்துரு. ஒடம்பு வலின்னு கடையில மாத்திரை வாங்கிக் குடுக்கறதா இருந்தாக் கூட டாக்டரைக் கேட்டுக்க. இப்பல்லாம் அவரு பேசுனா நான் இந்தக் கதவோரமா நின்னாவது காது குடுத்துக் கேட்டுட்டுப் போறேன். நான் தப்புப் பண்ணுனேன்னு சொல்லல. சும்மா உனக்குச் சொல்றேன்.

இரு, இரு. கதவு. அவந்தான். அவந்தான் தங்கச்சி! எளைச்சுட்டான் பாரு. சுகந்தி எங்க? மருந்து வாங்குற வரிசையில நிக்கிறாளா? நல்லதாப் போச்சு. தம்பி! ஏய் தம்பி, இளங்கோ! இங்க, தூணு பக்கம் பாரு. நாந்தான்டா. வாடா, வந்து உக்காரு. எடம் விடு தங்கச்சி, கொஞ்சம்.

சாப்பிட்டியா? ஒடம்பு எப்படி இருக்கு? கையைக் காட்டு. நடுக்கம் பரவால்ல, லேசாத்தான் இருக்கு. என்னைத் தேடுனியா? ம்னு சொல்லாதடா, வாயைத் தொறந்து சொல்லு. சரி, விடு. தேடுனியோ தேடலையோ. எனக்கு நேரம் இல்ல, அவ வந்துருவா. நான் ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லணும். பக்கத்துல உக்காந்திருக்குற இந்த அக்கா சாட்சி. அன்னைக்குக் கோயில்ல, பால்கொடத்தன்னைக்கு, உனக்கு நெனப்பு இருக்குல்ல? பூசாரி கேட்டாருல்ல, நீ வாக்குச் சொன்னீல்ல. அப்ப உம்மேல வந்தது யாருடா? ஆத்தாதானே? சொல்லு சாமி. ஆத்தாதானே வந்தா?

என்னா? காதுல விழல. இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, சத்தமாச் சொல்லு.

தண்ணியா?

குடிக்கத் தண்ணிதான் கேட்டியா?

எங்கிட்டயா கேட்ட? என்னைப் பாத்துத்தான் கேட்டியா?

தங்கச்சி, உன் பையில தண்ணி பாட்டில் இருக்கா? கொஞ்சம் குடேன். எனக்கு இல்லம்மா, அவனுக்கு. மூடியைத் தொறந்து குடு.

இந்தாடா. குடி. இப்பத் தாகம் இல்லாட்டியும் குடிடா சாமி, எனக்காகக் குடி. மெதுவா. சிந்துனாச் சிந்தட்டும்.

வா சுகந்தி. பாத்துட்டேன், நீ வர்றதைப் பாத்துட்டுத்தான் நிக்கிறேன். திட்டு, நல்லாத் திட்டு. அவன் குடிச்சு முடிக்கட்டும், அப்புறம் திட்டு.